உயிரினப் பரவல் வரைபடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரினப் பரவலைக் கணிக்கப் புதிதாகக் கற்கும் மாணவர்களின் வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகள் கண்ணில் படுகின்றன. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டால் புள்ளிகள் கடலில் விழுந்து தாமே காட்டிக்கொடுத்துவிடும், அத்தகையவற்றை விட்டுவிடுகிறேன்.

சாலையை வாழிடம் என்று நம்புவது

ஆனைமலைப் பகுதியில் பெரிய இருவாச்சி எங்கெல்லாம் வாழக்கூடும் என்று கணிக்க முற்பட்டபோது, பறவை ஆர்வலர்கள் இணையத்தில் பதிந்த இடங்களை அப்படியே மேக்ஸென்ட் மென்பொருளில் கொடுத்து, உயரம், மழையளவு ஆகியவற்றோடு சாலையிலிருந்து உள்ள தொலைவையும் ஒரு மாறியாகச் சேர்த்தேன். வெளிவந்த வரைபடத்தில், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையையும், அங்கிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் சாலையையும் ஒட்டியே, பறவை வாழ வாய்ப்பு மிகுதி என்பதைக் குறிக்கும் அடர்சிவப்பு ஓடியது. பெரிதாக்கிப் பார்த்தால், கொண்டை ஊசி வளைவுகளில் அதுவும் வளைந்தது. அத்திப்பழம் தேடிப் பள்ளத்தாக்குகளைக் கடந்து பறக்கும் பறவைக்கும் அந்த வளைவுகளுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. கணிப்பு எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்பதை அளக்கும், உச்சம் 1 ஆன ஏயுசி மதிப்பு 0.9-ஐத் தாண்டியிருந்ததால் நிம்மதியடைந்துவிட்டேன். அதை நம்பிக் களப்பாதைகளைச் சாலையோரமாகவே அமைத்ததில், கூடு தேட வேண்டிய ஒரு பருவம் முழுவதும் வீணாயிற்று.

மேக்ஸென்ட், உயிரினம் காணப்பட்ட இடங்களைப் பகுதி முழுவதிலிருந்தும் எடுத்த பின்னணிப் புள்ளிகளோடு ஒப்பிடுகிறது. பார்த்தவர்கள் சாலையோரத்தில் மட்டும் நின்றிருக்க, பின்னணிப் புள்ளிகள் யாரும் நுழையாத காட்டிலிருந்தும் வந்தால், கணிப்பு மாதிரி கற்பது பறவையின் தேவையை அன்று, பார்த்தவரின் வழித்தடத்தையே. சோதனைக்கு ஒதுக்கும் பதிவுகளும் அதே சாலையிலிருந்து வருவதால் மதிப்பு உயர்ந்தே நிற்கும்.

ஆகவே, எல்லாப் பறவைகளும் பதிவான இடங்களிலிருந்தே பின்னணிப் புள்ளிகளை எடுங்கள். நெருக்கமான பதிவுகளைக் கட்டத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். ஒரு மலைத்தொகுதியை முழுவதுமாக ஒதுக்கி, அதைக் கொண்டு சோதியுங்கள். யாரும் போகாத பள்ளத்தாக்கைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். யார் எங்கே தேடினார்கள் என்பதைக் காட்டாமல் ஏயுசி எண்ணை மட்டும் முன்வைக்கும் அறிக்கைகள் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. எந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் அந்த வரைபடத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்.

தசம இடங்கள் குறைக்கப்பட்ட ஆயத்தொலைவுகள்

ஒரு தசம இடத்தோடு நிறுத்திய பதிவு 5 கிலோமீட்டருக்கு மேல் நகரக்கூடும். ஆழியாற்றின் அடிவாரத்தில் கண்ட பறவை அட்டகட்டி உயரத்தில் போய் நிற்கும்.

வழக்கமான காலநிலைத் தரவுத்தொகுப்பின் 19 மாறிகளையும் சேர்ப்பது

வேண்டாம்.

காலநிலையோடு நின்றுவிடுவது

பெண் இருவாச்சி பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே அடைகாக்க, ஆண் வெளியிலிருந்து சிறு பிளவின் வழியே பழம் ஊட்டுகிறது. அதற்குப் பெரும் பொந்துள்ள முதுமரம் வேண்டும். வால்பாறையின் தேயிலைச் சரிவுக்கும் அதை ஒட்டிய மழைக்காட்டுத் துண்டுக்கும் பெய்வது ஒரே மழைதான். 1 கிலோமீட்டர் காலநிலைக் கட்டத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நிலப்பயன்பாட்டையும் மர உயரத்தையும் சேர்க்காதவரை, அந்தக் கட்டத்துக்குள் மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மாதிரி அறியாது.