மஞ்சள் தாளால் அமிலமும் காரமும் கண்டறிதல்: மொரீசியஸ் தமிழ் வகுப்புக்கு ஒரு செய்முறை

மஞ்சளையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்தால் ஆரத்தி நீர் சிவக்கும். கல்யாண வீட்டிலோ கோவிலிலோ அதைப் பார்த்த குழந்தைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். ஆனால் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வகுப்பு தொடங்குகிறது.

பயிற்சிக் காலத்தில் முதல் முறையாகக் குழந்தைகளின் கையில் பொருள்களைக் கொடுத்து அறிவியல் நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். 4 முதல் 6ஆம் வகுப்பு வரை பொருந்தும். 24 குழந்தைகள், நால்வர் கொண்ட 6 குழுக்கள், ஏறக்குறைய 50 நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். பாதிக்கு மேற்பட்ட வேலை முதல் நாள் மாலையிலேயே முடிந்துவிட வேண்டும்.

முதல் நாள் மாலை: மஞ்சள் தாள்

கடையில் 'சஃப்ரான்' என்று கேளுங்கள். நம் தீவில் அந்தப் பெயருக்கு மஞ்சள்தூள் என்றே பொருள். கறித்தூள் கலவையை வாங்கிவிடாதீர்கள். அதில் மஞ்சள் குறைவு, மற்ற மசாலாவின் பழுப்பு நிறம் எல்லாவற்றையும் மங்கச் செய்யும்.

காரம் பட்டால் நிறம் மாறுவது மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். தண்ணீரில் கரைத்துத் தோய்த்த தாள் திட்டுத்திட்டாக, வெளிறிப்போய் இருப்பதற்குக் காரணம் இதுதான். மருந்துக்கடையில் விற்கும் 70 அல்லது 90 பாகை (அதாவது சதவீத) ஆல்கஹால் 100 மி.லி. எடுத்து, 2 தேக்கரண்டி மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கி, மூடி, 20 நிமிடம் வையுங்கள். தூள் அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிவான மஞ்சள் நீரை மட்டும் ஓர் அகலத் தட்டில் ஊற்றுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு எரியாத இடத்தில் இதைச் செய்யுங்கள். குழந்தைகள் கையில் ஆல்கஹால் போகவே கூடாது.

தாளுக்குக் காப்பி வடிகட்டும் வெள்ளைத் தாள் சிறந்தது. அச்சுத் தாள் நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். போதாததற்குப் பல அச்சுத் தாள்களில் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கிறது. அது காரத்தன்மை உள்ளது, சோதனையைக் குழப்பும். பெரிய வடிகட்டித் தாள் 6 போதும். ஒவ்வொன்றையும் விரித்துத் தோய்த்து, நிழலில் கொடியில் போடுங்கள். வெயிலில் போட்டால் குர்குமின் சிதைந்து நிறம் வெளுக்கும். கியூர்பிப், வாக்வா போன்ற ஈரப்பதமான மேட்டுப் பகுதிகளில், அதுவும் மழைக்காலத்தில், காய்வதற்கு ஓர் இரவு முழுக்கத் தேவைப்படலாம். காய்ந்ததும் 1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஆளுக்கு 5, கூடுதலாக 30, ஆக 150 துண்டுகள். கை சோப்பு ஈரத்தோடு இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் சிவப்பு விரல்ரேகை விழும். அதனால் கையை அலசி, துடைத்துவிட்டு வெட்டுங்கள். துண்டுகளை உறையில் போட்டு இருட்டில் வையுங்கள்.

காலையில்: ஐந்து கிண்ணம்

கழுவிய தயிர்க் கிண்ணங்கள் 30 வேண்டும். 'கழுவிய' என்றால் சோப்பு முழுக்கப் போகும்வரை அலசியது. எல்லாக் கிண்ணத்திலும் தாள் சிவந்தால், பெரும்பாலும் கிண்ணத்தில் ஒட்டியிருந்த சோப்புதான் குற்றவாளி.

ஒவ்வொரு நீர்மத்திலும் 150 மி.லி. தயாரியுங்கள், குழுவுக்கு 20 மி.லி. வீதம் போகும்.

1. எலுமிச்சை: இரண்டு பெரிய பழங்களின் சாறு, மீதிக்குத் தண்ணீர்.
2. காடி, அதாவது வினிகர்: பாதி காடி, பாதி தண்ணீர். வெள்ளைக் காடியே வேண்டும், பழுப்பு நிறக் காடி தாளைக் கறைப்படுத்தும்.
3. வெறும் குழாய்த் தண்ணீர்.
4. சமையல் சோடா: 2 தேக்கரண்டி. நம்மூரில் 'பிகார்போனாத்' என்றே கேட்டு வாங்குவோம்.
5. சோப்பு: துணி சோப்புக் கட்டியைத் துருவி ஒன்றரைத் தேக்கரண்டி, வெதுவெதுப்பான நீரில் கரைத்தது.

ஐந்தாவதில் பலர் தவறுகிறார்கள். பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றிவிட்டு, தாள் ஏன் சிவக்கவில்லை என்று திகைப்பார்கள். அந்தத் திரவங்களில் பல நடுநிலைக்கு அருகில் இருக்கும்படி தயாரிக்கப்பட்டவை. பழைய பாணிக் கட்டி சோப்புதான் உண்மையான காரம்; அதன் பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 9 முதல் 10 வரை இருக்கும்.

நான்காவதும் ஏமாற்றும். சமையல் சோடாவில் தாள் 'பளிச்சென்று சிவக்கும்' என்று பல குறிப்புகள் சொல்கின்றன. சிவக்காது. சோடாக் கரைசலின் பிஎச் ஏறக்குறைய 8.3. மஞ்சள் நிறம் மாறத் தொடங்குவது 7.4க்கு மேல், முழுக்க மாறுவது 8.6 அளவில். அதனால் மங்கலான ஆரஞ்சுதான் கிடைக்கும். இதைக் குறை என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். ஒரு காரம் இன்னொன்றைவிட வலுவாக இருக்கலாம் என்பதை இந்த ஆரஞ்சும் ஐந்தாவது கிண்ணத்தின் செங்கல் சிவப்பும் சேர்ந்து காட்டும்.

கிண்ணங்களில் பெயர் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும். வாசனையால் குழந்தைகள் சிலவற்றைக் கண்டுபிடிப்பார்கள், பிடிக்கட்டும். ஆனால் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்லுங்கள். எலுமிச்சை உட்பட, வகுப்பு மேசைக்கு வந்த எதுவும் உணவு அல்ல.

வகுப்பில்: தோய்க்கும் முன் எழுதுவது

கிண்ணங்களும் துண்டுகளும் வைத்த தட்டுகளைக் கொடுத்த கணத்தில் எல்லாக் கைகளும் கிண்ணத்துக்குப் போகும். அதனால் முதலில் கேள்வி, பிறகு எழுதும் தாள், கடைசியில்தான் தட்டு.

"ஆரத்தி நீர் ஏன் சிவப்பா இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடியாவது காத்திருந்தால் பதில்கள் நீண்டன, அதிகக் குழந்தைகள் பேசினார்கள். வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் கற்கும் குழந்தைக்கு அந்த நொடிகள் இன்னும் அதிகம் தேவை. அவள் முதலில் யோசிக்க வேண்டும், பிறகு தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்.

பதில் எதுவானாலும் 'சரி' என்றோ 'தவறு' என்றோ சொல்லாதீர்கள். குங்குமம் போட்டார்கள் என்று ஒருவன் சொன்னால் அதையும் பலகையில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு குழந்தையும் 1 முதல் 5 வரை எண் எழுதி, பக்கத்தில் 'மாறும்' அல்லது 'மாறாது' என்று எழுதட்டும். இதற்கு 5 நிமிடம். நேரமில்லை என்று இந்தப் படியைத் தாண்டும் ஆசைதான் பயிற்சி ஆசிரியருக்குப் பெரிய ஆபத்து. எதிர்பார்ப்பை எழுதி வைக்காத குழந்தைக்கு ஆரஞ்சு நிறம் வியப்பாக இருக்காது, அது இன்னொரு நிறம் மட்டுமே.

இப்போது தட்டு. ஒரு கிண்ணத்துக்கு ஒரு புதுத் துண்டு. பாதி வரை நனைத்து, மூன்று வரை எண்ணி, வெள்ளைத் தாள்மேல் எண்ணுக்கு நேராக வைக்க வேண்டும். ஒரே துண்டை இரண்டு கிண்ணத்தில் தோய்த்தால் சோப்பு எலுமிச்சைக்குள் போய்விடும். அடுத்தவன் காண்பது தவறாக இருக்கும். நனையாத பாதி அப்படியே இருப்பது ஒப்பிட்டுப் பார்க்க.

நிறத்தை ஈரமாக இருக்கும்போதே வண்ணக் குச்சியால் குறிப்பேட்டில் தீட்டச் சொல்லுங்கள். காரத்தில் குர்குமின் விரைவாகச் சிதையும். மதிய உணவுக்குப் பின் பார்த்தால் சிவப்புத் துண்டு பழுப்பாக இருக்கும், அதை ஒட்டி வைத்த குழந்தை ஏமாந்துபோகும்.

உற்சாகம் ஏறியதும் வகுப்பு முழுக்கக் கிரியோலுக்கு மாறும். தடுக்காதீர்கள். அவர்கள் பேசி முடித்ததும் 'மாறியது', 'சிவந்தது', 'மாறவில்லை' என்ற சொற்களைப் பலகையில் காட்டி, கண்டதை ஒரு வாக்கியமாகச் சொல்லக் கேளுங்கள். கண்ட பொருள் கையில் இருக்கும்போது சொல் தானாக ஒட்டிக்கொள்ளும்.

'காரம்' என்ற சொல்லின் சிக்கல்

தமிழில் நடத்தும்போது மட்டும் வரும் தடை இது. மிளகாயும் காரம், சோப்பும் காரம். சோப்பு காரம் என்றதும் ஒரு குழந்தையாவது மிளகாயிலும் தாள் சிவக்கும் என்று சொல்லும். அது நல்ல ஊகம், சோதித்தே காட்டுங்கள். மூடிய புட்டியில் மிளகாய் ஊறவைத்த நீரை நீங்கள் மட்டும் கையாண்டு, தாளை நனையுங்கள். மஞ்சளாகவே இருக்கும். நாக்கின் காரம் வேறு, வேதியியலின் காரம் வேறு என்பது அப்போது விளங்கும். சோப்புக்குத் தமிழில் சவர்க்காரம் என்றும் பெயர் உண்டு என்பதைச் சேர்த்துச் சொன்னால் நினைவில் நிற்கும். படிகாரம் என்ற பெயரை மட்டும் உதாரணத்துக்கு எடுக்காதீர்கள், அதன் கரைசல் அமிலம்.

திரும்பி வரும் மஞ்சள்

சிவந்த துண்டின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். மஞ்சள் திரும்பும். பிறகு பஞ்சுக் குச்சியைச் சோப்பு நீரில் தொட்டு, மீதமுள்ள தாளில் 'அ' எழுதட்டும். எழுத்து சிவப்பாகத் தெரியும், எலுமிச்சை தொட்டால் மறையும்.

இங்கே ஒரு கேள்வியை நீங்களே எழுப்ப வேண்டும். எலுமிச்சை, காடி, தண்ணீர் மூன்றிலும் தாள் மஞ்சளாகவே இருந்ததே, அப்படியானால் தண்ணீரும் அமிலமா? மஞ்சளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது, அது காரத்தை மட்டுமே காட்டும். அடுத்த வகுப்புக்குச் செம்பருத்தி கொண்டு வரச் சொல்லுங்கள். ஐந்தாறு பூவின் சிவப்பு இதழ்களை 100 மி.லி. சூடான நீரில் 15 நிமிடம் ஊறவைத்தால், அந்த நீர் அமிலத்தில் ஆழ்ந்த இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். அன்றைக்கே பயன்படுத்துங்கள், அது கெட்டுப்போகும்.

எலுமிச்சையையும் சோடாவையும் கலந்து நுரை பொங்க வைக்கும் ஆசையும் எழும். அதை வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள். நுரை வந்துவிட்டால் நிறத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சுண்ணாம்பு ஆசிரியர் கையில் மட்டும்

ஆரத்தியைச் செய்து காட்டாமல் முடித்தால் முதல் கேள்வி அந்தரத்தில் நிற்கும். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். வீட்டிலேயே 100 மி.லி. நீரில் கால் தேக்கரண்டி கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் மூடிய புட்டியில் கொண்டுவாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, குழந்தைகளை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, மஞ்சள் கலந்த நீரில் சில சொட்டு விடுங்கள். தெறித்துக் கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சோப்பு நீர் பட்டாலும் முதலில் நிறைய நீரால் கழுவுங்கள்.

கடைசி 5 நிமிடம் துடைக்க. நீர்மங்களை நிறையத் தண்ணீர் விட்டுத் தொட்டியில் ஊற்றலாம், துண்டுகள் குப்பைக்கு. சீருடையில் மஞ்சள் பட்ட குழந்தையிடம் வீட்டுக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்புங்கள்: சோப்புப் போட்டதும் கறை சிவக்கும், பயப்பட வேண்டாம், நன்றாக அலசி வெயிலில் உலர்த்தினால் வெளுத்துவிடும்.