கையுறைக்கு எந்த எண்? சப்ளையர் பதிவில் யுஎன்எஸ்பிஎஸ்சி குறியீடு போடும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஹார்ட்வேர் கடை. சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்கள் சிலவற்றுக்கு இங்கிருந்துதான் சாமான் போகிறது. முன்பு தோட்டத்துக் கிராணி போன் போட்டு, "தம்பி, நாளைக்கு நூறு ஜோடி கையுறை லோரியில ஏத்திவிடு" என்பார். அதோடு வேலை முடிந்தது. இப்போது எல்லாம் தலைமை அலுவலகத்துக் கணினி வழியாகத்தான். சப்ளையராகப் பதியும்போது ஒவ்வொரு சாமானுக்கும் 8 இலக்க யுஎன்எஸ்பிஎஸ்சி குறியீடு, அதாவது பொருள்களையும் சேவைகளையும் வகை பிரிக்கும் சர்வதேச எண், கேட்கிறது. நான் கையுறைக்குத் தப்பான எண்ணைப் போட்டுவிட்டேன். நான்கு மாதம் ஒரு செபுட் ஹர்காகூட (விலை கேட்டு வரும் அழைப்பு) வரவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கடைச் சாமான்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிராண்டு பெயர் வேண்டாம், பொதுப்பெயர் போதும். தேடுவதற்கு அதன் ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம் எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்துப் படிக்கப் பழகுங்கள். 46181504 என்பதை 46-18-15-04 என்று பாருங்கள். 46 ராணுவம், காவல், பாதுகாப்புச் சாதனங்கள். அதற்குள் 18 தனிநபர் பாதுகாப்பு, அதற்குள் 15 பாதுகாப்பு உடுப்பு, கடைசி 04 பாதுகாப்புக் கையுறை.

நான் சறுக்கியது இங்கேதான். குலை வெட்டுகிறவர்கள் போடும் கையுறை, ஆகவே விவசாயத்தில்தான் இருக்கும் என்று 10இல் தேடினேன். அங்கே செடி, கால்நடை, உரம் எல்லாம் இருந்தன, கையுறை இல்லை. கடைசியில் 27112000, அதாவது தோட்டக் கைக்கருவிகள் என்ற இடத்தில் போட்டேன். வாங்கும் பிரிவில் இருந்த அம்மா 46இல் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் கடை அவர் கண்ணில் படவே இல்லை. போலீஸ் சாமான்களோடு கையுறை கிடக்கும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் கையுறையின் வேலை கையைக் காப்பது. எந்தத் தொழிலுக்குப் போகிறது என்று பார்க்காதீர்கள். அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. தேடியதும் மேலே வரும் வரியை அப்படியே எடுக்காதீர்கள். தோட்டத்துக் கிளினிக் கேட்கும் பரிசோதனைக் கையுறை 42132203, மருத்துவப் பிரிவில் இருக்கிறது. எண்ணின் மேல்தட்டுப் பெயரையும் படித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

முடிந்தவரை கடைசி இரண்டு இலக்கம் வரை இறங்குங்கள். பொருத்தமான வரி கிடைக்கவில்லையா, 00இல் முடியும் வகுப்பு எண்ணோடு நிறுத்துங்கள். ரசாயன உரங்களுக்கு 10171600 அப்படி ஒரு எண். ஊகித்துப் போட்ட எண்ணைவிட அது எவ்வளவோ மேல். இந்தப் பட்டியல் அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதால், எந்தப் பதிப்பு என்று வாங்குபவரிடமே கேட்டுவிடுங்கள்.

போனில் தட்டித் தட்டித் தேடுவது எனக்குச் சரிப்படாது. முழுப் பட்டியலையும் எக்செல்லில் திறந்து வடிகட்டிப் பாருங்கள். பக்கத்து வரிகளும் கண்ணில் படும், ஒப்பிடலாம்.

பிறகு சேர்த்தது: மருந்தடிக்கும் பம்பு பழுதுபார்ப்பதை எங்கே போடுவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது சேவை. சேவைகள் 70 முதல் தொடங்கும் பிரிவுகளில் இருக்கும். உதாரணத்துக்கு, வண்டி பழுதுபார்ப்பது 78181500, ஆனால் கார் டயராக விற்றால் 25172504. விற்பதும் பழுதுபார்ப்பதும் செய்கிறவர்கள் இரண்டையும் பதியுங்கள்.

பாகான் செராயிலிருந்து ஓர் அக்கா தன் படிவம் திரும்பி வந்ததாக எழுதியிருந்தார். அவர் 8 இலக்கக் கட்டத்தில் எம்எஸ்ஐசி எண்ணைப் போட்டிருக்கிறார். எம்எஸ்ஐசி உங்கள் தொழிலைச் சொல்லும் 5 இலக்க எண், சாமானைச் சொல்வதல்ல. இ-இன்வாய்ஸில் வரும் 3 இலக்க எண் இன்னொன்று, அதில் 022 என்றால் 'மற்றவை'. இவை பூஜ்யத்தில் தொடங்கினால் எக்செல் அதை விழுங்கிவிடும். செம்பனைத் தோட்டத்துக்கான 01261, வெறும் 1261 ஆகிவிடும். எண்ணைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.