பைக் பிரேக்கில் ஏர் எடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு பாட்டில் புது பிரேக் ஆயில் காலி. கீழே காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) ஆயிலை வெளியேற்றும் நிப்பிளில் குமிழி வருவதும் நின்றுவிட்டது. ஆனாலும் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி கைப்பிடி வரை போகிறது. வீட்டில் டிஸ்க் பிரேக்குக்கு ஏர் எடுப்பவர்கள், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுபவர்கள், பெரும்பாலும் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அப்போது கை மறுபடியும் நிப்பிளைத்தான் தேடிப் போகும். காற்றோ பல நேரம் அங்கே இருப்பதே இல்லை. மேலே, லீவர் அழுத்தியதும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை ஒட்டி உட்கார்ந்திருக்கும். நாம் ஆயிலைக் கீழே தள்ளுகிறோம், காற்று மேலே ஏறப் பார்க்கிறது. இந்த இழுபறியை மறப்பதால்தான் வேலை நீள்கிறது.

ஆயில் விஷயத்தில்

எந்த வகை ஆயில் என்பது பெரும்பாலான பைக்குகளில் ஆயில் கப்பின் மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கான். பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்பதால் 5.1-க்குப் பதில் 5 வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். அது பழைய ஆயிலோடு கலக்காது.

அடுத்தது, போன வருஷம் திறந்து மீதி வைத்த பாட்டில். கிளைக்கால் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் 155 இருந்தாலே போதும் என்று அதே தரம் ஒத்துக்கொள்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்தபடியே வந்தால் காலிப்பர் சூட்டில் ஈரமான ஆயில் கொதித்து ஆவியாகும். லீவர் பிடிப்பில்லாமல் கைப்பிடி வரை போய்விடும். சீல் உடைக்காத சின்ன பாட்டிலே நல்லது.

எஞ்சின் ஆயிலோ பெட்ரோலோ ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக்கூடாது, அவற்றால் பாகங்களைக் கழுவவும் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.

கப்பைத் திறக்கும்போது

மூடியின் ஸ்க்ரூக்கள் மென்மையானவை. பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் தலை வழித்துவிடும். சரியான முனையை வைத்து, பிடியின் மேல் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, அழுத்தித் திருப்பினால் கழன்று வரும். அதற்கு முன்பே ஹேண்டில்பாரைத் திருப்பி கப்பை மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் மேல் நனைந்த துணி போட்டு மூடுங்கள். இந்த ஆயில் பெயின்ட்டை உரித்தெடுக்கும். சிந்தினால் காய்ந்த துணியால் துடைப்பதோடு விட்டுவிடாதீர்கள். அது தண்ணீரில் கரையும் என்பதால் உடனே நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் வழி.

பழைய கறுப்பு ஆயிலை அப்படியே கீழே தள்ளி வெளியேற்றுவது இன்னொரு தவறு. அடியில் படிந்த கசடும் சேர்ந்து ஹோஸுக்குள் இறங்கும். முதலில் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, நூல் பிரியாத துணியால் கப்பைத் துடையுங்கள். துடைத்த பின் அடியில் பார்த்தால் இரண்டு துளைகள் தெரியும். ஒன்று பெரியது, மற்றது குண்டூசி முனை அளவு. பலரும் கவனிக்காத அந்தச் சின்னத் துளைதான் முக்கியம். லீவரை விட்டதும் சூட்டில் விரிந்த ஆயில் அதன் வழியாகத்தான் கப்புக்குத் திரும்புகிறது. அது அடைத்தால் பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டே ஓடும். அதற்காகத் தடித்த ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். விளிம்பில் பிசிர் எழுந்து உள்ளே ஓடும் ரப்பரைக் கீறிவிடும்.

நிப்பிளில்

நிப்பிளின் அளவு பெரும்பாலும் 8 எம்எம். ஓபன் ஸ்பேனர் போட்டால் மூலை வழித்துவிடும் என்பதால் ரிங் ஸ்பேனர் வேண்டும். முதலில் ஸ்பேனரை மாட்டி அதன் பிறகு டியூபைச் செருகுங்கள்; மாற்றிச் செய்தால் டியூபைக் கழற்றித்தான் ஸ்பேனர் போட முடியும். டியூப் நிப்பிளிலிருந்து கொஞ்சம் மேலேறி வளைந்து பாட்டிலுக்குள் இறங்கட்டும், முனை ஆயிலில் மூழ்கியிருக்கட்டும்.

வரிசை இதுதான்: லீவரை மெல்ல இழுத்துப் பிடி, நிப்பிளைக் கால் சுற்று திற, லீவர் இறங்கும், நிப்பிளை மூடு, அதன் பிறகே லீவரை விடு. கடைசி இரண்டும் இடம் மாறினால் வெளியேற்றிய காற்று அப்படியே திரும்பி உள்ளே வரும். இரண்டு பேர் செய்யும்போது இது அடிக்கடி நடக்கும். ‘மூடியாச்சு’ என்று வாய்விட்டுச் சொல்லாதவரை லீவரைப் பிடித்திருப்பவர் விடக்கூடாது. நல்லது என்று நினைத்து லீவரைப் படபடவென்று அடிப்பதும் தவறு. பெரிய குமிழி உடைந்து நூறு பொடிக் குமிழியாகிவிடும். அவற்றை வெளியேற்றுவது அதைவிடக் கஷ்டம்.

பழைய பைக்கில் லீவரைக் கைப்பிடி வரை இழுக்காதீர்கள். வழக்கமான ஓட்டத்தில் பிஸ்டன் போகாத பகுதியில் துருவும் கசடும் இருக்கும். ரப்பர் அங்கே போய் உரசினால் கிழியும். லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு சின்ன மரத்துண்டு வைத்தால் போதும்.

கப்பில் இருப்பது கொஞ்சம் ஆயில்தான். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை மேலே பார்த்து ஊற்றாவிட்டால் துளை வெளியே தெரிந்து காற்றை விழுங்கும். அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நிப்பிளில் மாட்டி ஆயிலை உறிஞ்சும் வேக்கம் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் பதறாதீர்கள். நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றை பம்ப் இழுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குமிழியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கடைசிச் சில இழுப்புகளை லீவராலேயே செய்து பாருங்கள்.

மேலே மாட்டிய காற்று

நிப்பிளில் சுத்தமான ஆயில் வந்தும் லீவர் பஞ்சாக இருந்தால் இங்கே வாருங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பி, ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரை நோக்கி மேலேறிக்கொண்டே போகும்படி வையுங்கள். ஹோஸை விரலால் தட்டுங்கள். இப்போது லீவரை முழுதாக இழுக்காமல், முதல் சில மில்லிமீட்டர் மட்டும் மெல்ல இழுத்து விடுங்கள். கப்பின் அடியில் சின்னத் துளையிலிருந்து கடுகு மாதிரி ஒரு குமிழி எழும், அடுத்த இழுப்பில் இன்னொன்று. முகத்தை நேர் மேலே கொண்டுபோகாதீர்கள், சில நேரம் ஆயில் பீய்ச்சும். குமிழி நிற்கும் வரை இதைச் செய்வது பத்து நிமிஷ வேலை; முக்கால்வாசி பஞ்சு லீவர் இதிலேயே இறுகிவிடும்.

அப்படியும் சரியாகாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் பாஞ்சோ போல்ட்டைத் துணி சுற்றி, லீவரை இழுத்துப் பிடித்தபடி ஒரு நூல் தளர்த்தி உடனே இறுக்குங்கள். போல்ட்டை முழுதாகக் கழற்றினால் இருபுற வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள்.

லீவரை இரவு முழுக்கக் கட்டி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. உதவும். ஆனால் கட்டியிருக்கும்போது சின்னத் துளை மூடியே இருப்பதால் காற்று இரவிலேயே வெளியேறிவிடாது. காலையில் அவிழ்த்ததும் மேலே சொன்ன மெல்லிய இழுப்பைச் செய்ய வேண்டும்.

பின் காலிப்பரில் நிப்பிள் உச்சியில் இல்லாத பைக்குகளும் உண்டு. காலிப்பரைக் கழற்றி நிப்பிள் மேலே இருக்கும்படி பிடித்து ஏர் எடுக்க வேண்டும். பேட்களுக்கு நடுவே டிஸ்க் தடிமனுக்கு ஒரு கட்டை வைக்க மறந்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும். ஏபிஎஸ் பைக்கில் கப் காலியாகாமல் ஆயில் மட்டும் மாற்றினால் பொதுவாக இதே முறை போதும். பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள் காற்று போய்விட்டால், சில மாடல்களில் அதை இயக்கும் ஸ்கேனர் கருவி இல்லாமல் எடுக்க முடியாது.

மூடும்போது

நிப்பிள் உள்ளே குழாய் மாதிரி வெறுமையானது. முழு பலத்தோடு இறுக்கினால் முறிந்து பாதி காலிப்பருக்குள் நிற்கும். பல பைக்குகளில் 6 நியூட்டன் மீட்டர் அளவுதான். சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். பேட் தேய்ந்திருக்கும்போது கப்பை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். புது பேட் போடும்போது பிஸ்டன் பின்வாங்கி ஆயில் வழியும்.

லீவரை அழுத்தி ஒரு நிமிஷம் பிடியுங்கள். கைக்குக் கீழே மெல்ல இறங்கினால் அது காற்று இல்லை. எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிருக்கிறது. எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அது ஏர் எடுப்பதால் தீராது. லீவரை விட்டதும் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா பாருங்கள். டிஸ்க்கில் ஆயில் பட்டிருந்தால் பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேட்டில் ஊறியிருந்தால் பேட் மாற்றத்தான் வேண்டும். நடை வேகத்தில் நாலு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் நிப்பிளைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள்.