பழைய லேப்டாப் அடாப்டரில் இயங்கும் கிளாஸ் டி ஸ்டீரியோ: முதல் முறை செய்வோருக்கு

கடைகளில் டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர் என்று விற்கப்படும் சிறு பெட்டிகளுக்குள் இருப்பது கிளாஸ் டி சுற்று. அந்த ‘டி’ டிஜிட்டலைக் குறிப்பதன்று. ஏ, பி, சி என்ற வகைகள் முன்பே இருந்ததால் அடுத்த எழுத்து இதற்கு வாய்த்தது. 1964-இல் இங்கிலாந்தின் சின்கிளேர் நிறுவனம் எக்ஸ்-10 என்ற பெயரில் இத்தகைய ஆம்ப்ளிஃபையரை விற்றபோதிலும், அன்றைய டிரான்சிஸ்டர்களின் வேகம் இம்முறைக்குப் போதவில்லை. இன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116டி2 என்ற ஒற்றைச் சிப் பொருத்திய போர்டைக் கொண்டே ஓர் அறைக்குப் போதுமான ஸ்டீரியோவை நாமே அமைத்துவிடலாம்.

உள்ளே வரும் பாட்டின் அலை, வேகமான முக்கோண அலையொன்றோடு ஒப்பிடப்பட்டு, நொடிக்குக் குறைந்தது நான்கு லட்சம் துடிப்புகளாக மாறுகிறது. டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இருப்பதால் வெப்பமாக வீணாகும் மின்சாரம் மிகக் குறைவு. துடிப்புகளைக் கம்பிச்சுருளும் கெபாசிட்டரும் சமன்செய்து ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. சுருக்கமாகச் சொன்னால், அடாப்டரின் மின்னழுத்தத்தையே நறுக்கி நாம் கேட்கிறோம். எனவே போர்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் அடாப்டரைப் பாருங்கள்.

முதல் வேலை அதுதான். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்தால், ஒரு சேனலுக்கு, அதாவது இடது அல்லது வலது பக்கத்துக்கு, கிடைக்கக்கூடிய உச்ச வாட் ஏறக்குறையத் தெரியும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வோல்ட் தந்தால் 9 வாட். 19 வோல்ட் தந்தால் 22 வாட். சிப்பின் தரவுத்தாளில் காணும் 50 வாட் என்பது 21 வோல்ட்டில், 4 ஓமில், 10 சதவீதச் சிதைவை ஏற்றுக்கொண்டு அளந்த எண். அதை நம்பி ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். வீட்டில் 65 வாட் லேப்டாப் அடாப்டர் சும்மா கிடந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டுக்கு அது தாராளம். 26 வோல்ட்டை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.

அடுத்து, மல்டிமீட்டரால் அடாப்டர் முள்ளின் நடுப்பகுதி பாசிட்டிவ்தானா என்று உறுதிசெய்த பிறகே போர்டில் இணையுங்கள். துருவம் மாறினால் சிப் பிழைக்காது.

ஸ்பீக்கர் இணைப்பில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். என் முதல் போர்டு போனதும் இங்கேதான். பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை கிரவுண்டோடு, அதாவது சுற்றின் பொதுவான பூச்சிய வோல்ட் முனையோடு, சேர்ந்திருக்கும். இங்கே சிவப்பு, கறுப்பு இரண்டு முனைகளையுமே சிப் எதிரெதிராக இயக்குகிறது. ஆகவே இடது, வலது கறுப்பு முனைகளை ஒன்றாக முடிச்சிடுவதோ, பெட்டியின் தகரத்தில் தொடுவதோ, ஹெட்ஃபோன் சாக்கெட்டுக்குக் கொண்டுபோவதோ கூடாது. ஸ்பீக்கரை மாட்டும் முன் போர்டுக்கு மின்சாரம் தந்து அளந்து பாருங்கள்: ஒவ்வொரு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே பல வோல்ட் காட்டும், அது இயல்பு, ஆனால் ஒரு சேனலின் இரு முனைகளுக்கும் இடையே சில மில்லிவோல்ட் மட்டுமே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் அந்தப் போர்டில் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். சரியாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இணையுங்கள்.

பாட்டு இல்லாதபோது ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்டால் பெருக்க அளவு கூடுதலாக இருக்கலாம். இச்சிப்பில் 20, 26, 32, 36 டெசிபெல் என நான்கு நிலைகளை ரெசிஸ்டர் மாற்றித் தேரலாம். சிடி பிளேயர் தரும் 2 வோல்ட்டுக்கு 20 டெசிபெல், அதாவது பத்து மடங்கே போதும். 36 டெசிபெல் அறுபது மடங்கைத் தாண்டுவதால் இரைச்சலும் அவ்வளவு பெருகும்.

கணினியை இணைத்த உடனே மட்டும் ‘ம்ம்’ என்ற முனகல் எழுந்தால், இரு கருவிகளின் எர்த் வழியே ஒரு வளையம் உருவாகியிருக்கக்கூடும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். தீராவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவே, நேரடி மின் இணைப்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைச் சேருங்கள். எர்த் முள்ளை ஒடிப்பது உயிருக்கு ஆபத்து.

கடைசியாக, ஸ்பீக்கர் வயர்களை முறுக்கி, கூடுமானவரை குட்டையாக வையுங்கள். துடிப்புகளின் அதிர்வெண் மத்திய அலை வானொலியை ஒட்டியே இருப்பதால், நீளமான வயர் ஆன்டெனாவாகிப் பக்கத்து ரேடியோவில் கரகரப்பை உண்டாக்கும். வால்யூமைப் பூச்சியத்தில் வைத்து, பழக்கமான ஒரு பாட்டோடு மெல்ல ஏற்றுங்கள்.