லீப் ஆண்டுப் பயிற்சிக்கு டெஸ்ட் எழுதுவது: வேலூர் மாணவர்களுக்கு நான்கு ஆண்டுகள்

லீப் ஆண்டு விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 4ஆல் வகுபட வேண்டும், 100ஆல் வகுபட்டால் கிடையாது, 400ஆல் வகுபட்டால் உண்டு. இந்த விதியை வைத்து மாணவர்கள் லீப்பா என்ற பைத்தான் ஃபங்ஷனை எழுதுகிறார்கள்; அது சரியா என்று பார்க்கும் டெஸ்டை நீங்கள் எழுதுகிறீர்கள். அந்த டெஸ்டுக்குக் கண்ணில் பட்ட பத்து ஆண்டுகளைப் போட்டால் பயனில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு தப்பான புரோகிராமையாவது பிடிக்க வேண்டும். அதற்கு நம்மூர் வரலாறே போதும்.

1806, கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த ஆண்டு. எதைக் கொடுத்தாலும் ட்ரூ என்கிற புரோகிராம் இதில் மாட்டும். 2008, வேலூர் மாநகராட்சியான ஆண்டு. எப்போதும் ஃபால்ஸ் சொல்வதை இது பிடிக்கும். ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் சி.எம்.சி.யைத் தொடங்கிய 1900தான் முக்கியமானது. 4ஆல் மட்டும் வகுத்துப் பார்ப்பவர்கள் முதல் இரண்டிலும் தப்பித்து இங்கே விழுவார்கள். 400 விதியை மறந்தவர்களுக்கு 2000.

பைத்தான் டெஸ்டுகளை ஓட்டும் கருவியான பைட்டெஸ்டை நிறுவிக்கொள்ளுங்கள். டெஸ்ட் கோப்பின் பெயர் டெஸ்ட், அடிக்கோடு என்று தொடங்கட்டும். ஃபங்ஷன் பெயரும் டெஸ்ட் என்றே தொடங்கட்டும். இல்லையென்றால் பைட்டெஸ்ட் அதைக் கண்டுகொள்ளாது. நான்கு ஆண்டுக்கும் நான்கு ஃபங்ஷன் எழுதுங்கள். ஒன்றிலேயே அடுக்கினால் முதல் தோல்வியிலேயே நின்றுவிடும், மற்றவை ஓடாது.

மாணவரின் கோப்பிலிருந்து லீப்பாவை மேலே இம்போர்ட் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு டெஸ்ட் ஃபங்ஷனுக்கு உள்ளேயும் ஒரே வரி:

அசெர்ட் லீப்பா(1900) இஸ் ஃபால்ஸ்

அசெர்ட் என்பதற்குப் பின்னால் வருவது உண்மையில்லை என்றால் டெஸ்ட் தோற்கும். கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். லீப்பா என்ற பெயரைத் தமிழிலேயே வைத்தாலும் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

'இஸ் ஃபால்ஸ்' என்பதற்குப் பதில் 'அசெர்ட் நாட் லீப்பா(1900)' என்று எழுதாதீர்கள். புதியவர்கள் பலர் ரிட்டர்ன் செய்யாமல் பிரிண்ட் செய்துவிட்டுப் போவார்கள். அப்போது ஃபங்ஷன் திருப்பித் தருவது 'நன்', அதாவது ஒன்றுமில்லை. நாட் போட்டால் அதுவும் பாஸ் ஆகிவிடும்! இஸ் ஃபால்ஸ் விடாது. ட்ரூ அல்லது ஃபால்ஸ் ரிட்டர்ன் ஆக வேண்டும் என்பதைக் கேள்வித்தாளிலேயே எழுதிவிடுங்கள். 1, 0 கொடுத்தவர் சண்டைக்கு வரமாட்டார்.

மாணவர் தன் கோப்பில் இன்புட் வரியை ஃபங்ஷனுக்கு வெளியே அப்படியே விட்டிருந்தால், இம்போர்ட் ஆகும்போதே அது ஓடிப் பிழை கொடுக்கும், ஒரு டெஸ்டும் நடக்காது. அந்த வரியை, கோப்பை நேரடியாக ஓட்டினால் மட்டும் வேலை செய்யும் மெயின் சரிபார்ப்புக்குள் தள்ளுங்கள்.

கடைசியாக, சரியான விடையை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். 400 விதியை எடுத்தால் 2000 மட்டும் விழ வேண்டும். 100 விதியை எடுத்தால் 1900 மட்டும். கெடுத்த பிறகும் நான்கும் பாஸ் என்றால் கோப்பைச் சேமிக்கவில்லை, அல்லது வேறு ஃபோல்டரில் கிடக்கும் பழைய பிரதி இம்போர்ட் ஆகிறது.