தீக்கல் ரைஃபிள்: குழலைக் கட்டையில் பதிக்கும் முறை

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் உருவாக்கிய, தீக்கல்லின் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் நீள ரைஃபிளை அமெரிக்காவில் இன்றும் பலர் கையால் செய்கிறார்கள். லாக் (பொறி எழுப்பும் இயந்திரம்), டிரிகர், இடிகோல் (மருந்தையும் குண்டையும் குழலுக்குள் தள்ளும் கோல்), பட் பிளேட் (கட்டையின் பின்முனைத் தகடு) எல்லாவற்றுக்கும் அளவு குழலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதனால் குழல் கட்டைக்குள் முழுதாக இறங்கி உட்காரும்வரை வேறு எந்த உலோகப் பாகத்துக்கும் உளி வைக்கக் கூடாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இவ்வகையைப் பழங்காலத் துப்பாக்கி என்று விலக்கி வைக்கிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் செய்வது குற்றம். வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் இது பொருந்தும்.

கட்டையும் கோடும்

நன்றாக உலர்ந்த மேப்பிள், வால்நட், செர்ரி மூன்றுமே ஏற்றவை. ஈரம் மிச்சமிருக்கும் கட்டை பின்னால் சுருங்கிக் குழலைக் கவ்விக்கொள்ளும். மேல்முகத்தை நேராக இழைத்து, ஒரு பக்கத்தை அதற்கு மூலைமட்டத்தில் ஆக்குங்கள். இந்த இரண்டு முகங்களும் கோணலாக இருந்தால் குழல் உட்காரத் தோண்டும் வாய்க்கால் முறுக்கிக்கொண்டு போகும். பிறகு எவ்வளவு சுரண்டினாலும் சரியாகாது. நடுக்கோடு கட்டையின் முழு நீளத்துக்கும், இரு முனைகளின் மேலும் வரட்டும்.

பக்கத்துக்குப் பக்கம் 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. உள்ள நேரான எண்கோணக் குழலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முகமும் 9.2 மி.மீ. அகலம். வேலை முடிந்த பிறகு கட்டையின் விளிம்பு குழலின் பக்க முகத்துக்குச் சரிபாதியில் நிற்க வேண்டும். அப்போது வாய்க்காலின் ஆழம் 11.1 மி.மீ.: மேலே 4.6 மி.மீ. செங்குத்துச் சுவர், அதன்கீழ் 6.5 மி.மீ. ஆழத்துக்கு 45 பாகைச் சரிவு, அடியில் 9.2 மி.மீ. தட்டைத்தளம். தொடக்கத்தில் இதைவிட 1.5 மி.மீ. ஆழமாக இறக்குங்கள். வேலையில் நொறுங்கும் விளிம்பெல்லாம் கடைசியில் அந்த 1.5 மி.மீட்டரோடு இழைப்புளியில் போய்விடும்.

இடிகோல் துளை ஏற்கெனவே போட்டிருந்தால் அதற்கும் வாய்க்காலின் அடிக்கும் இடையே எவ்வளவு மரம் நிற்கும் என்று முதலிலேயே கணக்கிடுங்கள். முன்கட்டையில் 3 மி.மீ. போதும். பிரீச் (குழலின் பின்முனை) பக்கம் இன்னும் சற்றுத் தடிமன் வேண்டும். லாக்கின் முன் ஆணி அந்த மரத்துக்குள்தான் ஓடும். இதைப் பார்க்காமல் தோண்டுபவர்கள் பாதி வழியில் துளைக்குள் விழுகிறார்கள்.

தோண்டுதல்

குழலைக் கட்டை மேல் கிளாம்ப் போட்டு இறுக்கி, மெல்லிய கத்தியால் இரு பக்கமும் கோடு கீறுங்கள். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, அந்தத் தடிமனே பின்னால் இடுக்காகத் தெரியும். கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே தள்ளி அகல உளியால், சரிவு வாய்க்கால் பக்கம் பார்க்க, செங்குத்தாகக் குத்தி இறக்குங்கள். நடுமரத்தைக் குழியுளியால் எடுங்கள். அலையோடிய மேப்பிள் இழைப்போக்கில் பெயர்ந்துவரும் குணமுள்ளது. அதில் குறுக்காக வெட்டி, கடைசி அரை மில்லிமீட்டரைச் சுரண்டியால் மட்டும் எடுப்பது நல்லது. கோட்டைத் தொடும் இறுதிச் சீவல் புதிதாகத் தீட்டிய உளிக்கே உரியது.

குழலின் கீழ்விளிம்புகளை அரத்தால் மிக லேசாக மழுக்கிவிடலாம். கூர்முனை மரத்தின் மூலையில் பதிந்தால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். பார்வைக்கு எட்டாத இடம், அழகு கெடாது.

இறக்கிப் பார்த்தல்

பொறுமை அதிகம் கேட்பது இந்தக் கட்டம்தான். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, கண்மை பூசுவதுபோல் மிக மெல்லிசாகக் குழலின் அடிமுகங்களில் தடவுங்கள். தடித்துப் பூசினால் தொடாத இடத்திலும் கறை படிந்து பொய் சொல்லும். குழலை நேராக இறக்கி, கொட்டாப்புளியால் லேசாக ஒரு தட்டு. பிறகு நேராகவே மேலே தூக்குங்கள். தூக்குவதற்கு இரண்டு இடத்தில் துணிநாடாவை அடியில் விட்டுக் கட்டிக்கொள்வது உதவும். ஒரு முனையைப் பிடித்து ஆட்டி எடுத்தால் மேல்விளிம்பு அகன்றுவிடும், இடுக்குகளில் பெரும்பாலானவை இப்படி உண்டாவதே. கறுத்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள், மறுபடி இறக்குங்கள். குழல் தன் எடையால் இறங்கி உட்கார வேண்டும். அடித்து இறக்க வேண்டியிருந்தால் எங்கோ மரம் நெருக்குகிறது என்று பொருள். மெருகெண்ணெய் ஊறி மரம் சற்று உப்பியதும் அது குழலை வளைத்துப் பிடிக்கும்.

அடித்தளம் முழுதும் கண்ணாடிபோல் படிய வேண்டியதில்லை. பழைய ரைஃபிள்கள் பலவற்றில் வாய்க்காலின் அடி கரடுமுரடாகவே இருக்கும். விளிம்பும் பிரீச்சும் மட்டும் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். உங்கள் நேரத்தையும் அங்கேயே செலவிடுங்கள்.

நேரான குழலுக்கு ஒரு வசதி உண்டு. முதலில் அதை 2 மி.மீ. முன்னால் தள்ளி வைத்துப் பதித்து, முழு ஆழம் வந்தபின் பின்னுக்கு நகர்த்திப் பிரீச் முகத்தைச் சுத்தமாக வெட்டிக்கொள்ளலாம். பிரீச்சில் தடித்து, இடையில் மெலிந்து, வாயில் மறுபடி விரியும் குழலுக்கு இந்த வித்தை உதவாது. பின்னுக்கு நகர்த்தினால் தடித்த பகுதிக்கு வெட்டிய இடத்தில் மெலிந்த பகுதி வந்து நின்று, இரு பக்கமும் வெளிச்சம் தெரியும். அந்தக் குழலை முதலிலிருந்தே தன் இடத்தில், செங்குத்தாகவே இறக்க வேண்டும். முதல் ரைஃபிளுக்கு நேரான குழலே போதும்.

பிரீச்சும் வாலும்

சுடும்போது வரும் உதைப்பைக் குழலின் பின்முகம் முழுதாக மரத்தில் அழுத்தித் தாங்க வேண்டும். இங்கே கரிமை இரு பக்கமும் சமமாகப் படிகிறதா என்று பாருங்கள். குழலின் பின்வாயை மூடும் பிரீச் அடைப்பின் பின்னால் நீளும் வாலைக் குழல் உட்கார்ந்த பிறகே பதிக்க வேண்டும். வாலின் பக்கங்களை அடி குறுகும்படி இரண்டு மூன்று பாகை சரித்து அராவினால் இறங்க இறங்கப் பொருத்தம் இறுகும். வாலின் கடைநுனிக்குப் பின்னால் ஒரு தாள் தடிமனுக்கு இடம் விடுங்கள். விடாவிட்டால் உதைப்பு அந்த நுனி வழியாகக் கைப்பிடிக்குப் போய், மரம் வாலின் பின்னாலிருந்து ஆப்பு அடித்ததுபோல் பிளக்கும்.

ஒரு சோதனை: வால் திருகை முடுக்கும்போது குழலின் வாய் மேலெழுந்தால் பிரீச்சுக்கு முன்னால் எங்கோ அடி மேடாக இருக்கிறது. திருகை இன்னும் இறுக்கி அதை அமுக்கப் பார்க்காதீர்கள். மேட்டைத் தேடிச் சுரண்டுங்கள்.

குழலைக் கட்டையோடு பிணைக்க அதன் அடியில் பொருத்தும் துளையுள்ள காதுகள் 42 அங்குலக் குழலுக்கு மூன்று போதும். கட்டைக்குக் குறுக்கே அவற்றுக்குள் ஓடும் ஊசி 2 மி.மீ. கம்பி. காதிலுள்ள துளையை நீளவாட்டில் முன்னும் பின்னும் 1.5 மி.மீ. அராவி நீட்டுங்கள், மரமும் இரும்பும் வெவ்வேறு அளவில் அசையும்.

இடுக்கு விழுந்துவிட்டால் இன்னும் ஆழமாக இறக்குவதால் அது மூடாது, சுவர் செங்குத்து. அதே கட்டையின் கழிவிலிருந்து அதே இழைப்போக்கில் சீவிய சிம்பை ஒட்டுவதே வழி. பிரீச் அடியில் எபாக்ஸிப் பசை ஊற்றிச் சமன் செய்வோரும் உண்டு. அப்போது குழலுக்கு மெழுகு தடவ மறந்தால் குழல் திரும்பி வராது.

வேலை முடிந்ததும் வாய்க்காலுக்குள்ளும் ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும், கழுவும் தண்ணீரும் குழலுக்கு அடியில் இறங்கும். மருந்துக் கிண்ணத்தின் தீ குழலுக்குள் போகும் பற்றுத்துளைக்கு இனிமேல்தான் இடம் குறிக்க வேண்டும். பிரீச் அடைப்பின் முகம் குழலின் பின்முனையிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வாய்வழியாகக் கோல் விட்டு அளந்து, குழலின் பக்கத்தில் கோடு போடுங்கள். துளையின் நடு அந்தக் கோட்டுக்குச் சுமார் 3 மி.மீ. முன்னால் வர வேண்டும். லாக்கின் மருந்துக் கிண்ணமும் அந்தப் புள்ளியைப் பார்த்தே வைக்கப்படும்.