டிஜிட்டல் ரிப்பீட்டர்களை இணைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) கிளப், சிக்னலை வாங்கித் திரும்ப வலுவாக அனுப்பும் டிஜிட்டல் ரிப்பீட்டர் வைக்க முடிவெடுத்ததும் முதலில் கிளம்பும் வாக்குவாதம் டி-ஸ்டாரா, டிஎம்ஆரா, ஃபியூஷனா என்பதுதான். அதைப் பேசித் தீர்த்து, பெட்டி வாங்கி, ஆன்டெனாவை ஏற்றிய பிறகே "சரி, இதை எதோடு இணைப்பது?" என்று கேட்கிறார்கள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. யாருடைய குரல் யாருக்குக் கேட்க வேண்டும், இணையம் போனால் எதெல்லாம் ஓட வேண்டும் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால் எந்த முறை, எந்தப் பெட்டி என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

ஒப்பிடும்போதே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "டிஎம்ஆர் நல்லதா, வயர்ஸ்-எக்ஸ் நல்லதா?" என்று கேட்பார்கள். டிஎம்ஆர் என்பது காற்றில் சிக்னல் போகும் முறை, ஐரோப்பாவின் எட்சி அமைப்பு வகுத்த தரம். வயர்ஸ்-எக்ஸ் என்பது யேசு நிறுவனம் தன் ரேடியோக்களுக்காக நடத்தும் இணைய வலை. இரண்டும் வேறு வேறு அடுக்குகள். டி-ஸ்டார், டிஎம்ஆர், ஃபியூஷன், பி25, என்எக்ஸ்டிஎன் ஆகியவை காற்றில் போகும் முறைகள். பிராண்ட்மைஸ்டர், வயர்ஸ்-எக்ஸ், ஒய்எஸ்எஃப் அறைகள் (ஃபியூஷன்காரர்கள் இணையத்தில் கூடும் இடம்), எக்ஸ்எல்எக்ஸ் ரிஃப்ளெக்டர்கள் (வந்த குரலை இணைந்த எல்லாருக்கும் அனுப்பும் சர்வர்கள்) எல்லாம் இணைப்பு அடுக்கில் வருபவை. இன்று பிராண்ட்மைஸ்டரில் இருக்கும் டிஎம்ஆர் ரிப்பீட்டரை நாளைக்கே உங்கள் சொந்த எச்பிலிங்க் சர்வருக்கு மாற்றலாம், கோபுரத்தில் கை வைக்கவே வேண்டாம். இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் குரலைச் சுருக்கி அவிழ்க்கும் கோடெக், பெரும்பாலான தலைவலி தொடங்குவதும் அங்கேதான்.

டி-ஸ்டார் ஜப்பான் அமெச்சூர் ரேடியோ லீகின் உருவாக்கம். விநாடிக்கு 4800 பிட். அதில் 2400 குரலுக்கு, 1200 குரலின் பிழைதிருத்தத்துக்கு, மீதி 1200 தரவுக்கு. குரலைச் சுருக்க ஆம்பி என்ற பழைய கோடெக்கைப் பயன்படுத்துகிறது. டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன், ஃபியூஷனின் டிஎன் முறை மூன்றும் அதற்கு அடுத்து வந்த ஆம்பி பிளஸ் 2-ஐப் பயன்படுத்துகின்றன. ஆகவே இந்த மூன்றையும் இணைக்கும்போது குரலை அவிழ்க்கவே தேவையில்லை. ஒரு முறையின் உறையைக் கழற்றி, அடுத்த முறையின் பிழைதிருத்தத்தைச் சேர்த்து அனுப்பினால் போதும். தரம் குறையாது, சிறப்பு சிப் எதுவும் வேண்டாம், ஒரு ராஸ்பெர்ரி பை தாராளமாகச் செய்துவிடும்.

டி-ஸ்டாரை இவற்றோடு இணைப்பது அப்படி இல்லை. குரலை முழுதாக அவிழ்த்து மறுபடி வேறு கோடெக்கில் சுருக்க வேண்டும். இதற்கு டிவிஎஸ்ஐ நிறுவனத்தின் சிப் உள்ள யுஎஸ்பி குச்சிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே ஒரு உரையாடலுக்கே இரண்டு சேனல் வேண்டும்: ஒன்று அவிழ்க்க, ஒன்று சுருக்க. ஒவ்வொரு மாற்றத்திலும் குரல் கொஞ்சம் தேயும். ஆகவே டி-ஸ்டாரிலிருந்து டிஎம்ஆருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பிரிட்ஜ் (இரண்டு வலைகளைச் சேர்க்கும் இணைப்பு) வழியாகத் திரும்ப டி-ஸ்டாருக்கு வரும் சங்கிலியைக் கட்டவே கட்டாதீர்கள். "குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கிறது" என்று யாராவது புகார் சொன்னால், மைக்கைக் குறை சொல்லும் முன் வழியில் எத்தனை இடத்தில் கோடெக் மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. ஃபியூஷனில் டிஎன் தவிர விடபிள்யூ என்ற அகல முறையும் உண்டு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அதன் கோடெக் ஐஎம்பிஇ, பி25-இன் குடும்பம். டிஎம்ஆரோடு இணைந்த ஒய்எஸ்எஃப் அறையில் ஒருவர் மட்டும் விடபிள்யூவில் பேசினால், ஃபியூஷன் பக்கம் எல்லாருக்கும் அருமையாகக் கேட்கும், டிஎம்ஆர் பக்கம் ஒன்றுமே வராது. பிரிட்ஜ் பழுது என்று நினைத்து சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பார்கள். முதலில் பேசுபவரின் ரேடியோ திரையில் டிஎன் இருக்கிறதா, விடபிள்யூ இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது லூப், அதாவது குரல் வட்டமாகச் சுற்றித் திரும்பி வருவது. என்னைக் கேட்டால் ஒரு வலையமைப்பையே நாசமாக்கும் தவறு இதுதான், அதையும் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஒருவர் எக்ஸ்எல்எக்ஸ் ரிஃப்ளெக்டரின் ஒரு மாட்யூலை (அதன் அறைகளில் ஒன்று) பிராண்ட்மைஸ்டர் டாக்குரூப் (ஒரே எண்ணில் பேசும் குழு) ஒன்றோடு இணைக்கிறார். இன்னொருவர் அதே டாக்குரூப்பை ஒரு ஒய்எஸ்எஃப் அறையோடு இணைக்கிறார். எக்ஸ்எல்எக்ஸ் ஒய்எஸ்எஃபையும் ஏற்கும் என்பதால், மூன்றாவது ஆள் அந்த அறையையும் மாட்யூலையும் நேரடியாகச் சேர்த்துவிடுகிறார். மூவரும் செய்தது தனித்தனியாகச் சரி. ஆனால் வட்டம் மூடிவிட்டது. பேசுபவர் பிடிடியை, அதாவது பேச அழுத்தும் பொத்தானை, விட்டதும் அவருடைய கடைசி வார்த்தைகள் திரும்பி வருகின்றன, மறுபடி சுற்றுகின்றன. ரிப்பீட்டர் எழுந்து எழுந்து விழுகிறது. நடுவில் யாரும் பேச முடியாது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு அடையாள எண் உண்டு, அதை வைத்து லூப்பைப் பிடிக்கும் சர்வர்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாறும் இடத்தில் அந்த எண் புதிதாகிவிடுவதால், திரும்பி வருவது பழைய பேச்சு என்று சர்வருக்குத் தெரியாது.

இதற்கு மருந்து ஒழுங்குதான். இரண்டு வலைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பிரிட்ஜ், எல்லா இணைப்பும் நடுவில் உள்ள ஒரே மையத்துக்கு. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்ற வரைபடம் ஒருவர் கையில் எப்போதும் இருக்க வேண்டும். புதிதாக எதையும் சேர்க்கும் முன் மறுமுனையை நிர்வகிப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பக்கம் ஏற்கெனவே என்ன தொங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இணைய லைனைப் பார்க்காமல் கருவி வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. எம்எம்டிவிஎம் (பல டிஜிட்டல் முறைகளைக் கையாளும் மோடம்) அடிப்படையிலான ரிப்பீட்டரோ, வீட்டில் வைக்கும் சின்ன ஹாட்ஸ்பாட்டோ உள்ளேயிருந்து வெளியே போய், பெரும்பாலும் யுடிபி போர்ட் 62031-இல், சர்வரைத் தொடும். மொபைல் டேட்டாவிலும் ஓடிவிடும். வயர்ஸ்-எக்ஸ் நோடை ரவுட்டருக்குப் பின்னால் வழக்கமான முறையில் வைக்க 46100, 46110, 46112, 46114, 46120, 46122 என்று ஆறு யுடிபி போர்ட்டுகளைத் திறந்துவிட வேண்டும். மோட்டரோலாவின் ஐபி சைட் கனெக்டில் 15 இடங்கள் வரை சேர்க்கலாம், ஆனால் மாஸ்டராக இருக்கும் ரிப்பீட்டரை மற்றவை வெளியிலிருந்து அடைய முடிய வேண்டும். உங்கள் லைனில் வெளியிலிருந்து அடையக்கூடிய பொது ஐபி முகவரி இல்லை என்றால் பின்னால் சொன்ன இந்த இரண்டும் சிக்கும். ரவுட்டரின் இணையப் பக்க (WAN) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நூற்றுக்கணக்கானவர்களோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள், போர்ட் திறந்து பயனில்லை.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். டிஎம்ஆர் குரலுக்கு 60 மில்லிவிநாடிக்கு ஒரு சின்ன பாக்கெட், அவ்வளவுதான். குரல் வெட்டி வெட்டி ரோபோ போல வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் வராததே. 100 எம்பி லைனுக்கு மாறினாலும் அது தீராது. வைஃபையை விட்டு கேபிளுக்கு மாறி, பாக்கெட்டுகளைச் சற்றுத் தேக்கிச் சீராக விடும் ஜிட்டர் பஃபரைக் கொஞ்சம் கூட்டினால் தீரலாம்.

டிஎம்ஆரில் ஒரே அலைவரிசையில் இரண்டு டைம்ஸ்லாட், அதாவது நேரத்தைப் பங்கிட்டு இரண்டு தனிப் பேச்சுவழிகள், கிடைக்கிறது என்பது பெரிய வசதி. அதில் உலகளாவிய டாக்குரூப் 91-ஐ நிரந்தரமாகப் போட்டுவிட்டு, உள்ளூர்க்காரர்கள் பேச இடமில்லாமல் தவிக்கவிடும் ரிப்பீட்டர்கள் உண்டு. ஒரு ஸ்லாட்டை உள்ளூருக்கே விட்டுவிடுங்கள். வெளியூர் டாக்குரூப்புகளை வேண்டியபோது பிடிடி அழுத்தி எடுத்துக்கொள்ளும்படி வைப்பதே நல்லது. டி-ஸ்டாரில் வேறு மாதிரி. ரிப்பீட்டர் மாட்யூல் ஒரு நேரத்தில் ஒரே ரிஃப்ளெக்டரோடுதான் சேரும். லிங்க் கட்டளை கொடுத்த பிறகு யாரை அழைக்கிறோம் என்று போடும் யுவர்கால் இடத்தில் பொது அழைப்பான சிக்யூசிக்யூசிக்யூ என்று திரும்ப மாற்ற மறந்தால், ஒவ்வொரு முறை பேசும்போதும் அதே கட்டளை போய்க்கொண்டே இருக்கும்.

வீட்டில் இரண்டு ஹாட்ஸ்பாட் வைத்திருந்தால் ஒரே டிஎம்ஆர் எண்ணை இரண்டிலும் போடாதீர்கள், ஒன்றையொன்று தள்ளிவிடும். ஏழு இலக்க எண்ணுக்குப் பின்னால் 01, 02 என்று சேர்த்தால் சரியாகிவிடும். இந்தியாவில் இருப்பவர்கள் அலைவரிசையையும் கவனியுங்கள். நமக்குக் கிடைத்திருப்பது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. அதில் 435-க்கு மேல் உள்ளது உலகம் முழுக்க அமெச்சூர் செயற்கைக்கோள்களின் இடம். ஹாட்ஸ்பாட் பெட்டியில் வந்த அலைவரிசையை அப்படியே விட்டால், மொட்டை மாடியில் செயற்கைக்கோளைக் கேட்க யாகி ஆன்டெனா பிடித்து நிற்கும் இன்னொரு ஹாமின் காதில்தான் விழும்.

இணையம் போனால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்காமல் விடுவது மன்னிக்க முடியாத தவறு. 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத் அந்தமானிலிருந்து வெளி உலகத்தோடு தொடர்பு வைத்தது குறுஅலையில், நடுவில் எந்த சர்வரும் இல்லாமல். நம் டிஜிட்டல் வலைக்கும் அப்படி ஒரு நிலை வரும். ரவுட்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ரிப்பீட்டர் உள்ளூரில் ஒழுங்காகப் பேசுகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று ரிப்பீட்டர்கள் இருந்தால், அவற்றுக்கு நடுவில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ லிங்க் போட்டு, எச்பிலிங்க் அல்லது எக்ஸ்எல்எக்ஸை உங்கள் கட்டடத்திலேயே ஓட்டுங்கள். வெளியுலகத்துக்கு அங்கிருந்து ஒரே பிரிட்ஜ் போகட்டும். வெளிக்கம்பி அறுந்தாலும் ஊருக்குள் பேச்சு நிற்காது. ரிப்பீட்டருக்கு பேட்டரி வைத்தவர்கள் ரவுட்டருக்கும் லிங்க் ரேடியோவுக்கும் வைக்க மறப்பது வழக்கம், அதையும் பார்த்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்கும் கிளப்புக்கு நான் சொல்வது, எம்எம்டிவிஎம் வைத்த ரிப்பீட்டர், டிஎம்ஆரும் ஃபியூஷன் டிஎன்னும் முதலில், டி-ஸ்டார் பிரிட்ஜ் அதற்கான சிப் கையில் வந்த பிறகு. பிராண்ட்மைஸ்டரில் 9990 என்ற பேரட்டுக்குத் தனி அழைப்பு போட்டு உங்கள் குரலை நீங்களே கேட்டுப் பாருங்கள், மைக் அளவு அங்கேயே சரியாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு முறைக்கும் ஒருவரை உட்கார வைத்து, ஒருவர் பேசி முடித்ததும் பத்து விநாடி யாரும் பிடிடி தொடாமல் காத்திருங்கள். அந்தப் பத்து விநாடியில் எதுவும் திரும்பி வரவில்லை என்றால் பிரிட்ஜை அப்படியே ஓட விடலாம்.